நெல் லாரியில் ஜி.பி.எஸ். கருவி அடிக்கடி இணைப்பை இழப்பது ஏன்? பழி ஓட்டுநர் மீது விழுகிறது

கேள்வி: மன்னார்குடி லாரி உரிமையாளர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மூன்று லாரிகள் உள்ளன. தை, மாசி மாதங்களில் சம்பா, தாளடி அறுவடையின்போது நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து திறந்தவெளிக் கிடங்குகளுக்கும் அரவை ஆலைகளுக்கும் நெல் மூட்டை ஏற்றுகிறோம். அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோவை வழியாகப் பாலக்காடு பக்கம் போய் இறக்கிவிட்டு வருகிறோம். இடையிடையே வேதாரண்யத்திலிருந்து உப்பு லோடும் உண்டு.

மூன்று லாரிகளிலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜி.பி.எஸ். கருவி பொருத்தினோம். வண்டிகளைக் கண்காணிக்கும் கருவிகளுக்கு இந்தியாவில் வகுத்துள்ள ஏ.ஐ.எஸ்.140 தரத்தில் உள்ள கருவி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை. கடந்த சில மாதங்களாகத் திரையில் வண்டி திடீரென்று சாம்பல் நிறமாகி, ‘இணைப்பு இல்லை’ என்று நின்றுவிடுகிறது. கிடங்கு வாசலில் வரிசையில் இரவு முழுவதும் நிற்கும்போது அப்படி ஆகிறது. வைக்கோல் ஏற்றிய வண்டி இரவில் ஓடும்போது ஆகிறது. கேரள எல்லையில் உள்ள வாளையாறு தாண்டினால் ஒரு வண்டி மட்டும் காணாமல் போய், திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகே தெரிகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் செல்லும் சாலையில் சில இடங்களில் வண்டி ஒரே இடத்தில் நின்றதாகக் காட்டி, பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டிப் போய் முளைக்கிறது.

எங்களுக்கு லோடு தரும் ஒப்பந்ததாரர் இதை ஏற்றுக்கொள்ள மறுக்கிறார். ஓட்டுநர் வேண்டுமென்றே கருவியை அணைத்துவிட்டார், மூட்டை எங்கேயோ இறங்கியிருக்கிறது என்று சொல்லி நான்கு நடைக்கான வாடகையை நிறுத்தி வைத்துள்ளார். மூட்டைக் கணக்கு ஒவ்வொரு நடையிலும் சரியாக இருக்கிறது, எடை மேடைச் சீட்டும் இருக்கிறது. அந்த ஓட்டுநர் என்னிடம் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறார். என் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டவர். அவரைக் கூப்பிட்டு “நீங்கள் அணைத்தீர்களா?” என்று கேட்கும் நிலை எனக்கு வந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. கருவி எதனால் இணைப்பை இழக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒப்பந்ததாரரிடம் எதைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஆட்டோ எலக்ட்ரீசியன், கும்பகோணம்

வணக்கம் ஐயா. லாரி வயரிங் வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்களைப் போன்று மாதத்தில் நான்கைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். கருவி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் கருவி நன்றாகவே இருக்கும். அதற்குப் போகும் மின்சாரம்தான் சரியாக இருக்காது. ஆகவே செயற்கைக்கோளைப் பற்றி யோசிக்கும் முன்பு பேட்டரியிலிருந்து கருவி வரைக்கும் உள்ள வயரை ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள்.

கிடங்கு வாசலில் நிற்கும்போது இணைப்புப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லாரியில் பேட்டரிப் பெட்டியை ஒட்டி, மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் வண்டியை நிறுத்தியதும் அதைத் திருகி அணைத்துவிட்டுப் படுப்பது நல்ல ஓட்டுநரின் பழக்கம். வயர் உரசித் தீப்பிடிக்காமல் இருக்கவும், பேட்டரி இறங்காமல் இருக்கவும் அதைச் செய்கிறார்கள். கருவி பொருத்த வந்தவர் அவசரத்தில் கட்-ஆஃப் சுவிட்சுக்குப் பிறகு வரும் வயரிலோ, இன்னும் மோசமாகச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலோ இணைத்திருந்தால், சுவிட்சைத் திருகியதும் கருவி தன் உள்பேட்டரியில் ஓடத் தொடங்கும். அந்த உள்பேட்டரி சின்னது. வெயில் காலத்தில் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு கை வைக்க முடியாத சூடு ஏறும். அந்தச் சூட்டில் இரண்டு கோடை இருந்த லித்தியம் பேட்டரி, புதிதில் தாங்கியதில் பாதி நேரம் தாங்கினாலே பெரிது. முதல் வருடம் குறை தெரியாமல் இருந்து இப்போது தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்குச் சரியான வழி, கருவியின் நிரந்தர மின் வயரைக் கட்-ஆஃப் சுவிட்சுக்கு முன்பாக, பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்தே எடுத்து, முனைக்கு அருகிலேயே ஒரு சிறிய ஃபியூஸ் போட்டு, குழாய்க்குள் விட்டுக் கொண்டுவருவதுதான். அப்படி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். சிலர் வசதிக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் மட்டும் இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் நாளுக்கு நாள் இறங்கி, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, இரண்டுமே சீக்கிரம் வீணாகும். கருவி 24 வோல்ட்டைத் தாராளமாகத் தாங்கும்படிதான் செய்யப்பட்டுள்ளது. பயப்படாமல் முழு 24 வோல்ட்டையும் கொடுங்கள்.

அடுத்தது எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடல் வழியாக மின்சாரம் பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பும் இணைப்பு. நான் திறந்து பார்க்கும் வண்டிகளில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். கருவியின் கறுப்பு வயரைக் கேபினில் கைக்கு எட்டிய ஏதோ ஒரு போல்ட்டில், பெயிண்டைக் கூடச் சுரண்டாமல் முறுக்கி வைத்திருப்பார்கள். புதிதில் வேலை செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டியில் ஆறு மாதத்தில் அந்த முனையில் பச்சை பூத்துவிடும். பிறகு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கருவி அணைந்து எழும். ஒவ்வொரு முறை எழும்போதும் அது செயற்கைக்கோளைப் புதிதாகத் தேடி, டவரில் புதிதாகப் பதிந்து, அதன் பிறகே தகவல் அனுப்பும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி அழுத்தம் சட்டென்று இறங்கும். எர்த் நன்றாக இருந்தால் கருவி அதைப் பொருட்படுத்தாது. எர்த் தளர்ந்திருந்தால் அந்த நொடியில் அணைந்துவிடும்.

இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இன்ஜினை ஓடவிட்டு, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கருவியின் எர்த் வயரிலும் மறு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். வயரைக் கழற்றி, அடியில் உள்ள இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, முனையில் லக் எனப்படும் உலோக வளையத்தைப் போட்டு அழுத்தி, மேலே கிரீஸ் தடவி மாட்டுங்கள். எங்கேயாவது வயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அதைப் பிரித்துச் சாலிடர் வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, டேப் தானாகவே அவிழ்ந்துவிடுகிறது.

ஆண்டெனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருடர் கண்ணில் படக்கூடாது என்று கருவியை மீட்டர் பலகைக்குப் பின்னால், இரும்புத் தகட்டுக்கு அடியில் செருகிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் வழியாகச் சிக்னல் வரும், இரும்பு வழியாக வராது. கருவியில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று குறித்திருக்கும் பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முன் கண்ணாடியில் உலோகப் பூச்சு உள்ள கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் கெடுதல் செய்யும்.

பதில்: பழைய ஓட்டுநர், திருத்துறைப்பூண்டி

கும்பகோணத்து அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. 30 வருடம் லாரி ஓட்டியவன் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

கட்-ஆஃப் சுவிட்சை அணைக்கச் சொல்லி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் முதலாளிகள்தான். நெல் லோடுக்கு மேலே தார்ப்பாய், அதற்கு மேலே கயிறு, பக்கத்து வண்டியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கிறார்கள் என்றால் எந்த ஓட்டுநரும் மின்சாரத்தை உயிரோடு விட்டுவிட்டுத் தூங்க மாட்டார். அதே சுவிட்சை அணைத்ததற்காகத் திருட்டுப் பட்டம் கட்டுவது எந்த வகையில் நியாயம்? உங்கள் ஓட்டுநரிடம் நீங்கள் கேட்டதில் தவறில்லை ஐயா, ஆனால் காரணம் தெரிந்த பிறகு அவரைக் கூப்பிட்டு அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று எலி. கொள்முதல் நிலையத்தில் களத்தை ஒட்டி வண்டி இரண்டு நாள் நின்றால் எலி ஏறாமல் இருக்காது. நெல்லைத் தின்றுவிட்டு வயரைக் கடிக்கும். ஒரு முறை நீடாமங்கலத்தில் என் வண்டியின் முகப்பு விளக்கு வயர் முழுவதையும் ஒரே இரவில் துண்டு துண்டாக்கிவிட்டது. டேஷ்போர்டைக் கழற்றும்போது அதையும் பாருங்கள்.

பதில்: கருவிப் பொறியாளர், திருவாரூர்

வணக்கம். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். வண்டிகளைக் கண்காணிக்கும் கருவிகளுக்கான மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். மின்சாரத்தைப் பற்றி முன்பே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். மீதியுள்ள இரண்டு பாதைகளைப் பற்றி எழுதுகிறேன். ‘இணைப்பு இல்லை’ என்ற ஒரே சொல் திரையில் வெவ்வேறு கோளாறுகளுக்கெல்லாம் பொதுவாக வருவதால்தான் இவ்வளவு மனக்கசப்பும் வருகிறது.

உங்கள் லாரியில் உள்ள கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. அது கேட்க மட்டுமே செய்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டால்தான் கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும். கணக்கிட்ட இடத்தை, உள்ளே இருக்கும் சிம் வழியாக, நம் கைபேசி பயன்படுத்தும் அதே டவருக்கு அனுப்புகிறது. ஆக, வானத்திலிருந்து வருவது ஒரு பாதை, டவருக்குப் போவது இன்னொரு பாதை. முதல் பாதை அறுந்தால் கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, ஆனால் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டாவது அறுந்தால் இடம் தெரியும், சொல்ல வழி இருக்காது. மின்சாரம் போனால் இரண்டும் இல்லை. உங்கள் நான்கு சூழல்களும் ஒரே நோயல்ல.

வானத்திலிருந்து வரும் அந்தச் சிக்னல் தரையை அடையும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் வைக்கோல் லோடின் கதை புரிந்துவிடும். ஏறத்தாழ ஒரு வாட்டின் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஆண்டெனாவில் வந்து விழுகிறது. அதை நீர் மிக எளிதாக விழுங்கிவிடும். வைக்கோல் ஏற்றும்போது பாடிக்கு மேலே உயர்த்திக் கட்டி, முன்பக்கம் கேபின் கூரைக்கு மேலும் நீட்டிவிடுகிறார்கள். பகலில் அது காய்ந்த வைக்கோல், சிக்னல் ஓரளவு ஊடுருவி வரும். இரவில் பனி இறங்கி அது நனைந்தாலோ, மழைக்குப் போட்ட தார்ப்பாயில் தண்ணீர் தேங்கினாலோ, கேபினுக்கு மேலே ஈரப் போர்வை போர்த்திய நிலை உண்டாகிறது. கருவிக்கு முன் கண்ணாடி வழியாகத் தெரியும் வானத்துத் துண்டு மட்டுமே மிஞ்சுகிறது. இரவில் மட்டும், வைக்கோல் லோடில் மட்டும் இணைப்புப் போவதற்கு இதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

இருந்தாலும் இரவு என்று நீங்கள் குறிப்பிட்டதால் நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963-ல் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கு அதுவே காரணம். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதை ஆராயத்தான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பிறகு வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலம் குழம்பி, அதில் குமிழிகள் போன்ற அடர்த்தி குறைந்த பகுதிகள் எழுகின்றன. அவற்றைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் நட்சத்திரம் மின்னுவது போல ஏறி இறங்கும். கருவி சில செயற்கைக்கோள்களின் பிடியைச் சில நிமிடங்களுக்கு இழக்கலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியனின் சீற்றம் மிகுந்த ஆண்டுகளிலும், மாலை ஏழு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். ஐரோப்பாவில் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். ஆனால் இது வந்தால் ஒரு வண்டிக்கு மட்டும் வராது. ஒரே நேரத்தில் அந்த வட்டாரத்தில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஏதோ ஓர் அளவில் தெரியும். உங்கள் மூன்று வண்டிகளையும் ஒரே மணிக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் வைக்கோலா வானமா என்பது தெரிந்துவிடும்.

வாளையாறு தாண்டியதும் ஒரு வண்டி மட்டும் மறைவது டவர் பாதையின் கோளாறு. அங்கே தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டம் முடிந்து கேரள வட்டம் தொடங்குகிறது. அந்த ஒரு கருவியின் அமைப்பில் ரோமிங்கில் டேட்டா பயன்படுத்தும் அனுமதி மூடியிருக்கலாம், அல்லது அந்த சிம்முக்குப் போட்ட திட்டத்திலேயே ரோமிங் இல்லாமல் இருக்கலாம். காரைக்கால் புதுச்சேரிக்குச் சொந்தமானாலும் தொலைத்தொடர்பில் தமிழ்நாட்டு வட்டத்தைச் சேர்ந்தது. அங்கே போனால் இந்தக் குறை வராமல் வாளையாறில் மட்டும் வருகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். கருவியின் அமைப்பில்தான் மூடியிருக்கிறது என்றால், கருவி விற்றவரிடம் சொன்னால் ஒரு குறுஞ்செய்திக் கட்டளையில் இதைத் திறந்துவிட முடியும்.

வேதாரண்யம் சாலையில் டவர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. தரை தட்டையாக இருப்பதால் தூரத்து டவரின் சிக்னல் கருவிக்குக் கேட்கும், ஆனால் கருவி பேசுவது அந்த டவருக்கு எட்டாது. மின்வெட்டு வந்து டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அந்தப் பகுதி முழுவதும் இருட்டுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு நம் ஊர்களில் கைபேசிகள் எப்படி ஊமையாகக் கிடந்தன என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏராளமானோர் வைத்திருந்த ஏர்செல் சேவை நின்றபோது, அந்த சிம் போட்டிருந்த கருவிகளும் ஓய்ந்து போயின. இன்றும் பழைய கருவிகள் பல 2ஜி மட்டுமே தெரிந்தவை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. கையில் உள்ள கைபேசியில் நான்கு கோடு தெரிகிறது, கருவிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

இனி ஒப்பந்ததாரரிடம் எதைக் காட்டுவது என்பதற்கு வருகிறேன். திரையில் தெரியும் வரைபடத்தைக் காட்டாதீர்கள். சேவை தருபவரிடம் அந்த நாட்களுக்கான மூலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு வரியிலும் கருவி இடத்தைக் குறித்த நேரம், அது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம், எத்தனை செயற்கைக்கோள் தெரிந்தன, வண்டியின் மின் அழுத்தம், உள்பேட்டரியின் அழுத்தம், டவர் சிக்னலின் அளவு ஆகியவை இருக்கும். டவர் அளவு பொதுவாக 0 முதல் 31 வரை போகும், 10-க்குக் கீழே என்றால் பலவீனம். வண்டியின் மின் அழுத்தம் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்து, உள்பேட்டரி மெல்ல இறங்கி, பிறகு பதிவு நின்றால் அது கட்-ஆஃப் சுவிட்ச் அல்லது வயர். மின்சாரமும் டவரும் நன்றாக இருக்கும்போது செயற்கைக்கோள் எண்ணிக்கை மட்டும் நான்குக்குக் கீழே இறங்கினால் அது ஆண்டெனா, வைக்கோல் அல்லது வானம். குறித்த நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்தால் அது டவர்.

இந்தக் கடைசி வகைதான் உங்கள் ஓட்டுநருக்குப் பெரிய பாதுகாப்பு. ஏ.ஐ.எஸ்.140 என்பது பயணிகளை ஏற்றும் பொது வாகனங்களுக்காக வகுக்கப்பட்ட தரம். அதன்படி செய்த கருவியில் உள்பேட்டரி குறைந்தது 4 மணி நேரம் தாங்க வேண்டும், டவர் இல்லாதபோது 40,000 இடப் பதிவுகளையாவது சேமித்து வைக்க வேண்டும். டவர் கிடைத்ததும் சேமித்ததைத் தொடர்ச்சியாக அனுப்பிவிடும். அப்படி அனுப்பும் வரிகளில் ‘எச்’ என்ற குறி இருக்கும், உடனுக்குடன் அனுப்பியவற்றில் ‘எல்’ என்ற குறி இருக்கும். பல நிறுவனங்களின் திரை ‘எல்’ வரிகளை மட்டும் வரைந்துவிட்டு மற்றதை அறிக்கையில் புதைத்துவிடுகிறது. வேதாரண்யம் சாலையில் உங்கள் வண்டி தாண்டிக் குதித்ததாகத் தெரியும் அந்த ஐந்தாறு கிலோமீட்டரும், விடாமல் பதிவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓட்டுநர் வேண்டுமென்றே மறைப்பது என்பது உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், முதலாளியிடமிருந்து மறைக்க ஒரு லாரி ஓட்டுநர் வைத்திருந்த, சிக்னலை முடக்கும் ஜாமர் கருவி நெவார்க் விமான நிலையத்தின் வழிகாட்டும் அமைப்பையே குழப்பியது. அதற்காக 2013-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 31,875 டாலர் அபராதம் விதிக்க நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டிலும் தனியார் ஜாமர் வைத்திருப்பது குற்றம். ஆனால் ஜாமர் வைத்தால் செயற்கைக்கோள் எண்ணிக்கை ஒரே நொடியில் விழும், வண்டியின் மின் அழுத்தம் அப்படியே நிற்கும். உங்கள் பதிவைப் பார்க்காமலே ஒருவர் மீது அந்தப் பழியைப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

மன்னார்குடி லாரி உரிமையாளர் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்ததில் பத்து நாள் ஆகிவிட்டது.

முதல் வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றியதும் திருத்துறைப்பூண்டி அண்ணன் நினைவுதான் வந்தது. மீட்டர் பலகைக்குப் பின்னால் உமியும் சாக்கு நூலும் சேர்த்து உள்ளங்கை அகலத்துக்கு எலி கூடு கட்டியிருந்தது. கருவிக்குப் போகும் சிவப்பு வயரின் மேல்தோல் இரண்டு அங்குல நீளத்துக்குக் கடிபட்டு, உள்ளே செம்புக் கம்பி நான்கைந்து மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு வயரோ நீலப் பெயிண்ட் அடித்த போல்ட்டின் மேலேயே மாட்டியிருந்தது. கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சைப் பொடி கொட்டியது. மல்டிமீட்டரில் பார்த்தபோது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சுரண்டி, லக் போட்டு மாட்டிய பிறகு முள் அசையவே இல்லை.

மூன்று வண்டியிலும் கருவியின் மின் வயர் கட்-ஆஃப் சுவிட்சுக்குப் பிறகுதான் இணைக்கப்பட்டிருந்தது. மூலப் பதிவு வாங்குவதற்கு மூன்று முறை அலைய வேண்டியிருந்தது, ஆனால் வாங்கிவிட்டேன். கிடங்கு வாசலில் நின்ற இரவுகளில் ஒவ்வொரு முறையும் ஒன்பதரை, பத்து மணிக்கு வண்டி மின்சாரம் பூஜ்யமாகியுள்ளது. உள்பேட்டரி இரண்டு மணி நேரம் கூடத் தாங்காமல் நின்றுபோயிருக்கிறது. காலையில் சாவி போட்டதும் அதே வாசலில், அதே இடத்தில் மறுபடியும் பதிவு தொடங்குகிறது. வேதாரண்யம் சாலையின் ‘எச்’ வரிகளை அச்செடுத்து நீட்டினேன். எங்கும் நிற்காமல் வண்டி ஓடியிருப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. வாளையாறு வண்டிக்கு ரோமிங் அனுமதி மூடித்தான் இருந்தது. ஒரு கட்டளையில் திறந்துவிட்டார்கள்.

ஒப்பந்ததாரர் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பார்த்தார். மூன்று நடைக்கான வாடகையை அன்றே கொடுத்துவிட்டார். நான்காவது, வைக்கோல் லோடு கரூரைத் தாண்டிச் சென்ற ஓர் இரவு. அதில் மின்சாரமும் டவரும் நன்றாக இருக்கும்போது செயற்கைக்கோள் எண்ணிக்கை 11-லிருந்து மெல்ல மெல்லக் குறைந்து, பதினோரு மணி வாக்கில் மூன்றுக்கு வந்து, ஏறத்தாழ நாற்பது நிமிடம் இடமே இல்லாமல் இருக்கிறது. இதைத்தான் ஜாமர் என்று சொல்கிறார். இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

பதில்: கருவிப் பொறியாளர், திருவாரூர்

எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறைந்தது என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஜாமரைப் போட்டால் 11-லிருந்து பூஜ்யத்துக்கு நொடியில் விழும். படிப்படியாக இறங்காது. அதே நேரத்தில் உங்கள் மற்ற வண்டிகள் எங்கே இருந்தன, அவற்றில் எத்தனை செயற்கைக்கோள் தெரிந்தன என்று பாருங்கள். அவையும் குறைந்திருந்தால் வானத்தின் குழப்பம். அவை நன்றாக இருந்தால் வைக்கோலின் ஈரம். நாற்பது நிமிடம் கழித்து இடம் திரும்பக் கிடைத்தபோது வண்டி எங்கே இருந்தது, அதுவரை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் கணக்கிடுங்கள். வழக்கமான வேகத்துக்கு அந்தத் தூரம் பொருந்தினால், இடையில் நிறுத்தி எதையும் இறக்க நேரமே இருந்திருக்காது.

மன்னார்குடி லாரி உரிமையாளர் (கேள்வி கேட்டவர்)

பார்த்துவிட்டேன் ஐயா. அந்த இரவில் இரண்டாவது வண்டி நீடாமங்கலத்தில் வெறும் வண்டியாக நின்றிருந்தது. பதினோரு மணிக்கு அதில் 10 செயற்கைக்கோள் தெரிந்திருக்கிறது. வைக்கோல் வண்டி அந்த நாற்பது நிமிடத்தில் 28 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வைக்கோல் லோடுக்கு இரவில் எங்கள் வண்டி ஓடும் வேகம் அதுதான்.

கும்பகோணம் எலக்ட்ரீசியனிடமே வண்டியைக் கொண்டுபோய், வெளியே இழுத்து வைக்கும் ஆண்டெனா ஒன்றை வாங்கி, முன் கண்ணாடிக்குக் கீழே வானத்தைப் பார்த்தவாறு பொருத்திவிட்டோம். மின் வயரையும் மூன்று வண்டியிலும் பேட்டரி முனைக்கு மாற்றிவிட்டோம். நேற்று இரவு அதே ஓட்டுநர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். விடியற்காலை நான்கு மணிக்குத் திரையில் பார்த்தேன். வண்டி வாளையாறு தாண்டிப் பச்சை நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான்காவது நடையின் தாள்களை நாளைக் காலை ஓட்டுநரையும் உடன் அழைத்துக்கொண்டு போய் ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறேன்.